தேர்வுப் பூசை ஆசிரியர்

தேர்வுப் பூசை ஆசிரியர் ஆண்டு முழுவதும் அரசுப் பள்ளியின் சம்பளப் பட்டியலில் இருந்தாலும், மாணவர் கண்ணுக்கு மாசி மாதத்தில்தான் தென்படத் தொடங்குகிறார். மற்ற மாதங்களில் அவர் பள்ளிக்கு வந்ததற்கு வருகைப் பதிவேடும், ‘எமிஸ்’ எனப்படும் கல்வித்துறையின் இணையத் தகவல் தளமும் சான்று கூறும். வகுப்பறைக்கு வந்ததற்குச் சான்று தேடுவோருக்குக் கரும்பலகையின் மூலையில் இருக்கும் தேதி மட்டுமே அகப்படும், அதையும் பெரும்பாலும் வகுப்புத் தலைவிதான் எழுதியிருப்பாள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஹால்டிக்கெட், அதாவது மாணவரின் படமும் பதிவெண்ணும் தேர்வு மையத்தின் பெயரும் அச்சிட்ட நுழைவுச்சீட்டு, பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் அவருக்குள் உறங்கிக் கிடந்த நிர்வாகத் திறமை விழித்துக்கொள்கிறது. பாடக்குறிப்பேட்டைப் பக்கத்துப் பிரிவு ஆசிரியரிடம் இரவல் வாங்கிப் பார்த்தெழுதிப் பழகிய அதே கை, பூசைச் சாமான் பட்டியலைத் தேங்காய் முதல் கற்பூரம் வரை அடித்தல் திருத்தல் இன்றித் தானாகவே எழுதி முடிக்கிறது. திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர்ச் சரசுவதி கோயிலில் வைத்தெடுத்த பேனாக்கள் வந்தாக வேண்டும். கல்விக்குரிய கடவுளாகக் கருதப்படும் ஹயக்கிரீவர் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் குடிகொண்டிருப்பதால், அங்கிருந்து துளசியும் வந்தாக வேண்டும். இவ்விரண்டு ஊர்களுக்கும் அவர் ‘ஓ.டி.’யில், அதாவது பணியின் பொருட்டு வெளியே செல்வதாகப் பதிவேட்டில் குறித்துவிட்டு, போய் வருகிறார். திருப்புதல் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தப்படாமல் ஆசிரியர் அறை பீரோவின் மேல் அவருக்காகக் காத்திருக்கின்றன.

பூசையன்று ஹால்டிக்கெட்டுகள் பதிவெண் வரிசை பிசகாமல் சரசுவதி படத்தின் காலடியில் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு வைக்கப்படுகிறது. அந்தச் சந்தனம் புகைப்படத்தின் மூக்கின்மேல் வழிந்து உலர்ந்துவிட்டால், தேர்வறைக் கண்காணிப்பாளர் எதிரே இருக்கும் முகத்தையும் சீட்டில் இருக்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் திணறுவார் என்பதெல்லாம் பின்னால் வரும் கவலை. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும் என்று குருக்கள் கேட்கும்போதுதான், பத்து மாதமாகத் தம் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர் முதன்முதலாக விசாரிக்கிறார். அதுவரை ‘ஏ நெட்டை’ என்றும் ‘மூணாவது பெஞ்சு’ என்றும் விளிக்கப்பட்டு வந்தவர்கள் அந்த ஒரு நாளைக்கு மிருகசீரிடம், பூரட்டாதி என்று விண்மீன்களாகப் பதவி உயர்வு பெறுகின்றனர். அழைப்பிதழில் ‘சர்வமதப் பிரார்த்தனை’ என்று அச்சிட்டிருப்பதை மெய்ப்பிப்பதற்காக ஒரு முஸ்லிம் மாணவியும் ஒரு கிறித்தவ மாணவனும் இறுதியில் மைக்கின் முன் நிறுத்தப்படுகின்றனர், வாய் திறந்த உடனேயே, சுண்டல் ஆறிவிடும் என்பதால் சீக்கிரம் முடிக்கும்படி அவர்களுக்குச் சைகையும் காட்டப்படுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் படிக்கும் மாணவரை அவருடைய இசைவின்றி, அவர் வயது வராதவராயின் காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. இதை எடுத்துச் சொல்லும் பெற்றோருக்கு அவர் சற்றும் கோபப்படாமல் விளக்கம் தருகிறார்: தாம் நடத்துவது பூசையே தவிரப் போதனை அன்று, போதனை என்று எதையும் தாம் நடத்துவதே இல்லை. இந்த விளக்கத்தின் பிற்பாதியை மறுக்க எந்த வழக்கறிஞராலும் இயலாது. விருப்பமில்லாத பிள்ளைகள் வெளியே நிற்கலாம் என்று பெருந்தன்மையுடன் அவர் சேர்த்துச் சொன்னாலும், நன்னடத்தைச் சான்று எழுதும் பேனா அவருடைய சட்டைப்பையில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் வெளியே போய் நிற்பதில்லை. கேரளத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கை காரணமாக அதைப் பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்னும் அந்த ஆசிரியர் அறையை எட்டவில்லை.

பெற்றோரின் குறை உண்மையில் கடவுளைப் பற்றியதும் அன்று. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, “பிள்ளைக்குக் கணக்கு ஒண்ணும் வரலையே சார்” என்று கேட்கும் தாய்க்கு அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார்: “ஒரு மார்க் கேள்வி 14, வடிவியலும் கிராஃபும் 16, ஆச்சும்மா 30. பாஸுக்கு மிச்சம் வேண்டிய 5 மார்க்கை மேல இருக்கறவன் பாத்துக்குவான்.” அந்த 16 மதிப்பெண் வானத்திலிருந்து விழுவதில்லை. வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைய வேண்டுமானால், வட்ட மையத்தையும் அப்புள்ளியையும் கோட்டால் இணைத்து, அக்கோட்டின் நடுப்புள்ளியைக் கவராயத்தால் கண்டுபிடித்து, அதை மையமாகக் கொண்டு முதல் வட்டத்தின் மையம் வழியாக இன்னொரு வட்டம் போட்டு, இரு வட்டங்களும் வெட்டும் இடங்களை வெளிப்புள்ளியோடு சேர்க்க வேண்டும். ஒரே பாடவேளையில் சொல்லிக் கொடுத்துவிடக்கூடிய வேலை இது, அந்த ஒரு பாடவேளை ஆண்டு முழுவதும் நடக்கவில்லை. அரசு விலையில்லாமல் வழங்கிய கணித உபகரணப் பெட்டிக்கும் பூசையன்று பொட்டு வைக்கப்பட்டது. உள்ளே கவராயம் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. இவ்வாறு விடப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வித்துறை வழக்கில் ‘மெல்ல மலரும் மாணவர்’ என்று பெயர், கற்பதில் பின்தங்கியோரைக் குறிக்கும் நயமான சொல் இது. அவர் அதை உச்சரிக்கும்போது, மலரத் தாமதமாவது செடியின் குற்றம் என்றே தொனிக்கும். அவருடைய சொந்த மகன் நகரத்துத் தனியார் பள்ளியொன்றில் படிப்பதும், அங்கே தாமதமாக மலர அவன் அனுமதிக்கப்படாததும் ஊரறிந்த செய்தி.

ஆனாலும் தேர்வன்று காலை அவரைப் பார்ப்பவருக்குக் கோபம் நிலைப்பதில்லை. மணி எட்டாகும் முன்பே தேர்வு மையத்தின் வாசலுக்கு வந்து, வெயிலில் நின்று, வரிசையில் வரும் ஒவ்வொரு நெற்றியிலும் விபூதி இடுகிறார். பேனா மறந்துவந்தவனுக்குத் தம் பேனாவைக் கொடுக்கிறார். அழும் பெண்ணுக்குத் தண்ணீர் வாங்கித் தருகிறார். முதல் மணி அடிக்கும்போது நடுங்குவது பிள்ளைகளின் கை மட்டுமன்று. அந்தப் பதற்றத்தில் நடிப்பு சிறிதும் இல்லை, அதில் நூற்றில் ஒரு பங்கு ஆடி மாதத்தில் வந்திருந்தால் பிள்ளைகளுக்குத் தொடுகோடு வந்திருக்கும்.

முடிவு வெளியாகும் நாளில் அவருடைய கணக்கு எளிமையானது: தேறியவர்கள் பூசையால் தேறினார்கள், தவறியவர்கள் வீட்டில் கவனிப்பில்லாததால் தவறினார்கள். தவறியவர்களுக்கு அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது, அதற்கும் தனியே ஹால்டிக்கெட் உண்டு. அதை எடுத்துக்கொண்டு அந்தத் தாய் பள்ளிக்கு வந்து, இதற்குப் பூசை எப்போது என்று கேட்டபோது, அதற்கெல்லாம் ஒதுக்கீடு இல்லை என்று ஆசிரியர் கூறினார். அப்படியானால் ஒரு மணி நேரம் பாடமாவது நடத்த முடியுமா என்று அவள் கேட்டதற்கு, கோடை விடுமுறையில் அப்படி வழக்கமில்லை என்றார்.