சக்தி மூல விசாரம்

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்ததும், காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரால் இயற்றப்பட்டதுமான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு, தன் பூதங்களையும் புதையல்களையும் காகிதத்தில் மட்டுமே வைத்திருப்பதாயினும், தத்துவ விசாரத்துக்கு அது திறந்துவிட்டுள்ள வாயில் சாமானியமானதன்று. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் தம்மை மந்திரவாதியாகவும் இன்னொருவர் போர்வீரனாகவும் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டிப் பாதாளக் குகைகளில் இறங்கும் அந்த ஆட்டத்தில், மந்திரவாதியின் விரல்நுனியிலிருந்து பாய்கின்ற அக்கினி கோளத்துக்கு மூலம் யாது என்னும் வினா எழாமல் இராது. அதற்கு விடை கூறப் புகுந்த பண்டிதர்கள் எல்லோரும் தம் கண்முன் கிடக்கும் ஒரு பிரமாணத்தைக் கண்டும் காணாமற் போயினர் என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு.

முதற்கண் பூர்வபக்ஷத்தை எடுத்துரைப்பது முறை. மந்திரவாதியின் சக்தி புத்தகத்திலிருந்து வருவதென்பர். இக்கொள்கை கைகாக்ஸின் சொந்தச் சொத்தன்று. ஜாக் வான்ஸ் என்னும் நாவலாசிரியர் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்ற நூலிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. மந்திரத்தை வருந்தி மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை பிரயோகித்த மாத்திரத்தில் அது நினைவைவிட்டு அறவே நீங்கிவிடும். மீண்டும் வேண்டுமாயின் மீண்டும் படிக்க வேண்டும். பரீட்சை எழுதி முடித்த மறுகணமே பாடத்தை மறந்துவிடும் மாணாக்கர் இனத்தை நன்கறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

மதகுருவுக்கு மந்திரம் தெய்வத்தினிடமிருந்து கிடைக்கிறது. ஆயினும் எல்லா மந்திரத்தையும் தெய்வமே நேரில் வந்து வழங்குவதாக எண்ணிவிடலாகாது. 1979-இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் கையேடு இவ்விஷயத்தில் காட்டும் நிர்வாக நுட்பம் மெய்சிலிர்க்க வைப்பது. முதலிரண்டு படிகளைச் சேர்ந்த மந்திரங்களை மதகுரு தம் பயிற்சியாலும் பக்தியாலும் தாமே பெற்றுக்கொள்ளலாம். மூன்று முதல் ஐந்து வரையிலான படிகளுக்குத் தெய்வத்தின் பரிவாரங்கள் குறுக்கே நின்று வழங்குவர். ஆறாம், ஏழாம் படிகளுக்கு மட்டுமே தெய்வத்தின் சந்நிதானம் உண்டு. சில்லறை விஷயத்தைக் குமாஸ்தாவும், நடுத்தர விஷயத்தைத் தாசில்தாரும் தீர்த்து வைக்க, கலெக்டர் துரை பெரிய கோப்புகளில் மட்டும் கையொப்பமிடும் ஒரு கச்சேரியை இதைவிடத் திருத்தமாக வர்ணித்தல் அரிது.

இனி, 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு 'சார்சரர்' என்னும் வேறொரு மந்திரவாதியைப் புகுத்தி, அவனுக்குப் படிப்பும் வேண்டாம் பக்தியும் வேண்டாம், மூதாதையரில் ஒரு டிராகன் இருந்து அதன் இரத்தம் உடம்பில் ஓடினால் போதும் என்று வதந்தி பரப்பிற்று. 'வார்லாக்' என்பவனோ, பேய்க்கோ அதனினும் விபரீதமான ஏதோவொன்றுக்கோ உடன்படிக்கை எழுதிக் கொடுத்துச் சக்தியைக் கடனாகப் பெறுபவன். இவ்வாறு பெருகிய மதங்களையெல்லாம் 2008-இல் வெளியான நான்காம் பதிப்பு 'சக்தி மூலங்கள்' என்றே தலைப்பிட்டு வகைப்படுத்தத் தொடங்கி, போர்ப் பயிற்சி, மாந்திரிகம், தெய்வீகம் என மூன்றாகப் பிரித்து, அடுத்த இரண்டாண்டுகளுக்குள் இயற்கை ஆவிகளையும் மனோசக்தியையும் சேர்த்து ஐந்தாக்கியது.

வகுத்தது சரி, ஆனால் வகுத்தவர்கள் இரவில் என்ன நடக்கிறதென்று பார்த்தார்களில்லை. புத்தகம் படித்தவன், தெய்வத்தைத் தொழுதவர், டிராகனின் பேரன் ஆகிய மூவரும் பகலெல்லாம் தத்தம் சக்தியைச் செலவழித்து வெறுங்கையராய் நிற்கும்போது, அச்சக்தி அவர்களிடம் திரும்பி வருவதற்கு 2014-இன் ஐந்தாம் பதிப்பு விதித்துள்ள உபாயம் யாது? மூவருக்கும் அது ஒன்றே. எட்டு மணி நேர ஓய்வு. அதில் ஆறு மணி நேரமாவது உறக்கம். தெய்வம் இரவில் விழித்திருந்து வழங்கியதாகவோ, இரத்தம் விடியற்காலையில் கொதித்ததாகவோ சொல்வதெல்லாம் அர்த்தவாதம். முதற்பதிப்பு இதைப் பின்னும் வெளிப்படையாகவே கூறிற்று: சிறு மந்திரங்களுக்கு நான்கு மணி நேர ஓய்வு, ஒன்பதாம் படி மந்திரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். சக்தி ஏறஏறத் தூக்கமும் ஏறுகிறது. காரண காரிய சம்பந்தத்துக்கு இதனினும் தெளிவான சான்றை எந்தத் தர்க்க நூலார் கேட்பர்? நித்திரையே மூலம், மற்றவை போர்வைகள்.

போர்வீரன் எதையும் உபாசிப்பதில்லையே, அவனுக்குப் புஜபலமன்றோ மூலம் என்று ஆட்சேபிப்பார் உளர். நான்காம் பதிப்பில் அவ்வீரனுடைய மிகப் பெரிய வீச்சு ஒரு நாளைக்கு ஒருமுறைதான். ஆறு மணி நேரம் படுத்தெழுந்தால்தான் மறுமுறை. ஒருமுறை தெரிந்த வாள்வீச்சு பிற்பகலில் எப்படி மறந்துபோகும் என்று ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டனர். கோபித்தவர்கள் தூக்கத்தைக் கணக்கிலெடுக்கவில்லை. (அதே பதிப்பில் 'வார்லார்ட்' என்னும் படைத்தலைவன் உற்சாகமாக ஒரு சொல் சொன்ன மாத்திரத்தில் தோழனின் காயம் ஆறிவிடும் என்பது வேறு விவகாரம். அதைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. அதில் தலையிட எனக்குத் துணிவில்லை.)

வார்லாக்கைக் காட்டி எழும் ஆட்சேபமே வலியது. ஐந்தாம் பதிப்பில் அவன் உறங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தின்றும் குடித்தும் களைப்பாறினால் அவன் கடன் மீண்டும் கிடைத்துவிடும். இதைக் கண்ட சில சூழ்ச்சிக்காரர்கள், வார்லாக்கையும் சார்சரரையும் ஒரே உடம்பில் புணர்த்தி, இராமுழுதும் மணிக்கொருதரம் இளைப்பாறி, கிடைத்த சக்தியையெல்லாம் சேமித்துவைத்து, உறங்காமலே குபேரனாகும் ஒரு வழியைக் கண்டுபிடித்தனர். அப்பாத்திரத்துக்குக் 'காப்பிலாக்' என்று காப்பியின் பெயரையே சூட்டினர். நித்திரை தேவிக்கு எதிராக நிகழ்ந்த பெருங்கலகம் இதுவே. விளைவு யாது? 2017-இல் வெளிவந்த துணைநூலொன்று, இருபத்து நான்கு மணி நேரம் நெடிய ஓய்வின்றி இருப்பவன் சோர்வினால் படிப்படியாக நலிவான் என்றோர் விதியை, விரும்பினால் கைக்கொள்ளலாமென்ற அடைமொழியுடன் நுழைத்தது. பதினான்காண்டு கண்ணிமையாது காத்த இலக்குவன் இந்த ஆட்டத்துக்கு வந்தால் முதல் வாரத்திலேயே மாண்டுபோவான்.

எல்ஃபுகள் என்னும் வனவாசிகள் உறங்காது நான்கு மணி நேரம் தியானத்தில் ஆழ்வதை ஒரு விலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. பெரிய மனிதர்கள் கண்மூடி அமர்ந்திருப்பதைத் தூக்கம் என்று சொல்லாதிருப்பது எங்கும் உள்ள மரியாதை.

இக்கொள்கையை ஏட்டில் ஒப்பாதவர்களும் அனுஷ்டானத்தில் ஒப்புகின்றனர். குகைக்குள் நுழைந்து, முதல் அறையிலேயே கைவசமுள்ள மந்திரமனைத்தையும் வாரி இறைத்து, வெளியே வந்து கூடாரமடித்துப் படுத்துவிடும் வழக்கத்துக்கு 'பதினைந்து நிமிட வேலைநாள்' என்று அவர்களே பெயரிட்டுள்ளனர். உலகத்தை இரட்சிக்கப் புறப்பட்ட வீரர்களின் நாளில் பெரும்பகுதி குறட்டையில் கழிகிறது.

எஞ்சியிருப்பவன் திருடன். 1975-இன் துணைநூல் வழியே ஆட்டத்துக்குள் வந்தவன். புத்தகமோ தெய்வமோ உடன்படிக்கையோ இல்லாதவன். மறைந்து நின்று குத்தும் அவன் குத்து எத்தனை முறையாயினும் ஓய்வை வேண்டுவதில்லை. என் சித்தாந்தம் இங்கே முறிந்ததென்று மகிழ்வோர் ஐந்தாம் பதிப்பின் விதிகளை மறுபடி புரட்டக் கடவர். உறங்குகிறவன் நினைவிழந்தவனாகக் கருதப்படுவான். அவனை அருகிருந்து தாக்கினால் பட்ட அடி தப்பாமல் மர்ம அடியாகும். திருடனின் பகடைகளும் இரட்டிக்கும். அவனுடைய சக்திக்கும் மூலம் நித்திரையே. காவற்காரனுடைய நித்திரை.