சுங்கை பூலோவின் சபை வாசகர்

நாவல் வாசகர்களைப் பெரும்பிரிவாக இரண்டாக வகுக்கலாம்: கதையில் அடுத்து என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலால் தனியே அமர்ந்து படிப்போர் ஒரு பிரிவினர், படித்ததைப் பற்றி நாலு பேர் நடுவே பேச வேண்டும் என்பதற்காகவே படிப்போர், அல்லது படித்தவராகக் கருதப்படுவோர், மற்றொரு பிரிவினர். முன்னவரை அறை வாசகர் என்றும் பின்னவரைச் சபை வாசகர் என்றும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். சபை வாசகர் தமிழ் வழங்கும் ஊர்தோறும் தென்படுபவரே எனினும், கோலாலம்பூருக்கு வடமேற்கில் உள்ள சுங்கை பூலோவில் அவ்வினம் செழிப்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. மலாய் மொழியில் மூங்கிலாறு என்று பொருள்படும் அவ்வூர், 1930இல் அமைந்த தொழுநோயாளர் குடியிருப்பாலும், அங்கு வாழ்ந்தோர் வளர்த்தெடுத்த செடி நாற்றங்கால்களாலும், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்தாலும் அறியப்பட்டது. பூத்த தொட்டிகளைச் சாலையோரமாக அடுக்கி, முளைவிடுவதையெல்லாம் பின்கட்டில் மறைத்து வளர்க்கும் வழக்கம் அவ்வூர்க் காற்றிலேயே கலந்திருப்பதால், அங்குள்ள வாசகரும் தம் புத்தகங்களை அம்முறையிலேயே அடுக்கப் பழகிவிட்டார்.

இவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியிலோ அரசாங்க அலுவலகத்திலோ பணியாற்றி ஓய்வு பெற்றவராகவும், காலையில் பசியாறச் செல்லும் கடையில் தமக்கென ஒரு மேசையை உடையவராகவும், சீனி குறைத்த தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் தமிழ் நாவலின் மரணத்தை ஒருமுறையேனும் அறிவிப்பவராகவும் இருப்பார். மரணத்திற்கான காரணம் நாளுக்கு நாள் மாறுமே தவிர, மரணத்தில் ஐயம் எழுவதில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றதிலிருந்து ஞாயிறு பதிப்புகளைப் பற்றிய ஏக்கமும் அவ்வறிக்கையில் சேர்ந்துகொண்டது.

அவருடைய கருத்துகள் முழு வீச்சில் வெளிப்படும் களம் நூல் வெளியீடு. மலேசியத் தமிழரிடையே நூல் வெளியீடு என்பது ஏறத்தாழ ஒரு கல்யாணத்திற்கு நிகரான நிகழ்ச்சி: குத்துவிளக்கு, வரவேற்புரை, பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெறுதல், அதன்பின் வந்தோர் வரிசையில் நின்று மலேசிய வெள்ளி நோட்டு வைத்த உறையைக் கொடுத்து ஆளுக்கொரு பிரதி வாங்குதல், இறுதியில் உணவு. இவற்றுக்கு நடுவே ‘நூலாய்வு’ என்னும் ஓர் உரை உண்டு. நூலைப் படித்த ஒருவர் படிக்காத அனைவருக்கும் அதை எடுத்துரைப்பது அதன் நோக்கம் என்று அழைப்பிதழ் அச்சிடுவோர் நம்புகின்றனர். சபை வாசகர் இவ்வுரைக்கு அழைக்கப்படும்போது மலேசியாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும், க. வெங்கடரத்தினத்தின் 1917ஆம் ஆண்டு ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’யில் தொடங்கி, வெளியிடப்படும் நூலை அடைவதற்குள் நேரம் முடிந்துவிட்டதாக அவைத்தலைவர் சீட்டு அனுப்பும்படி பார்த்துக்கொள்வார். தம் நாட்டு நாவல் இலக்கியம் தலைப்பிலேயே காதலை வைத்துக்கொண்டு பிறந்தது என்பதை அவர் ஆண்டுதோறும் பலமுறை சொல்லியிருந்தும், அச்செய்தி, காதல் கதைகளை இலக்கியமாக மதிக்காத அவரைச் சங்கடப்படுத்தியதாகத் தெரியவில்லை.

நாவல்களை அவர் வகைப்படுத்தும் முறை எளிமையானது. முதல் அத்தியாயத்தில் ஒருவர் இறந்தால் அது மர்ம நாவல். கடைசி அத்தியாயத்தில் இறந்தால் இலக்கியம். எவரும் இறக்காமல் திருமணம் நடந்துவிட்டால் குடும்ப நாவல், அதாவது காதலில் தொடங்கி மாலையில் முடிவதும் வாடகை நூலகங்களால் வாழ்ந்ததுமான வகை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ சாதி மாறி மணந்த இருவரின் காதல் கதையாயிற்றே என்று எவரேனும் கேட்டால், அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றதை நினைவூட்டி, லண்டன்காரர்கள் குடும்ப நாவலைப் பட்டியலில் சேர்ப்பார்களா என்று திருப்பிக் கேட்பார். இவ்வாதத்திற்கு விடை கூறியவர் இதுவரை எவருமில்லை.

மர்ம நாவல்களைப் பொறுத்தவரை அவருடைய அனுபவம் நீண்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரில் தொடங்கி, சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா வரை துப்பறிவாளர் வம்சம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தொடர்பற்ற இரு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயமாக நடத்தி இறுதியில் முடிச்சுப் போடும் ராஜேஷ்குமாரின் உத்தியை அவர் ‘இரட்டைத் தண்டவாளம்’ என்று அழைப்பார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவருக்கு இரண்டு தண்டவாளம் போதுமா என்பது அவர் விடுக்கும் நகைச்சுவை, அதற்குச் சிரிக்க வேண்டியது மேசைக்கு வந்தோர் கடமை. ஆனால் அவர் மர்ம நாவலைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிப்பவர். கொலையாளியைத் தெரிந்துகொண்டு முன்பக்கத்திற்கு வந்து, அப்பெயர் முதன்முதலில் தோன்றும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘இவன்தான்’ என்று எழுதிவைத்தபின், இருபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பார். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ இம்முறையைக் குலைத்துவிட்டது. கொலை தொடக்கத்திலேயே வாசகர் கண்ணெதிரே நடந்துவிடுவதால், பென்சிலுக்கு வேலையில்லாமற் போயிற்று. அந்நூலாசிரியர் கவனக்குறைவானவர் என்பது சபை வாசகரின் முடிவு.

இலக்கியப் புனைவுதான் அவருடைய வாசலில் நிற்கும் பூத்த தொட்டி. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2011இல் சாகித்திய அகாதமி விருது பெற்றதிலிருந்து அவர் கைப்பையில் இருக்கிறது. அதன் 61ஆம் பக்கத்தில், ரயில் கட்டணம் செலுத்தப் பயன்படும் பழைய ‘டச் அண்ட் கோ’ அட்டை ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டு, அது காலாவதியான பின்னும் இடம் மாறாமல் இருக்கிறது. அதுவரையிலான பக்கங்களில் ‘அருமை’, ‘ஒப்பிடுக’, ‘மேலும் ஆராய்க’ என்னும் குறிப்புகள் நெருக்கமாக உள்ளன. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக எழுதி முடித்த ‘வெண்முரசு’ குறித்துக் கேட்கப்படும்போது, அதை அவசரப்பட்டுப் படிக்கக்கூடாது என்பார். அவ்வகையில் தம் வாக்குக்கு அவர் முற்றிலும் நேர்மையானவர். 2020 டிசம்பரில் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தபோது அவருக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. அதுவரை அந்நூலின் பெயரையே எடுக்காதவர், தடைக்குப்பின் அதன் மொழியைப் பற்றியும் தோட்டப்புற வாழ்வின் சித்திரிப்பைப் பற்றியும் விரிவாகப் பேசத் தொடங்கினார். பிரதி கைக்குக் கிடைக்காத நூலைப் படித்ததாகச் சொல்பவரை எந்தப் பக்கத்தைக் காட்டி மறுப்பது? அந்நாவலை உண்மையிலேயே படித்திருந்த இளைஞர்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அவருக்குத் துணையாயிற்று.

இனி, பின்கட்டு. தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை செல்லும் கொமுட்டர் ரயில், சுங்கை பூலோவையும், கோலாலம்பூரின் தமிழர் பகுதியாகிய பிரிக்ஃபீல்ட்ஸின் வாசலான கேஎல் சென்ட்ரலையும், கிள்ளானையும் ஒரே தடத்தில் இணைக்கிறது. சுங்கை பூலோ நிலையத்தில் ஏறும்போது சபை வாசகரின் மடியில் ‘காவல் கோட்டம்’ விரிந்திருக்கும். கெப்போங் சென்ட்ரல் தாண்டி, ஏறியவர்களுள் அறிந்த முகம் எதுவுமில்லை என்பது உறுதியானதும், நாள்காட்டித் தாளில் உறையிட்ட மெல்லிய நூலொன்று பையின் அடியிலிருந்து மேலே வரும். பேங்க் நெகாரா நிலையத்தை நெருங்குகையில் அது மீண்டும் அடிக்குச் செல்லும், ஏனெனில் கேஎல் சென்ட்ரல் மேடையில் எழுத்தாளர்கள் நிற்கக்கூடும். கேஎல் சென்ட்ரலுக்குப் பிறகு கிள்ளான் வரை தடை ஏதுமில்லை. உறைக்குள் இருப்பது ஒருநாள் ரமணிசந்திரனின் குடும்ப நாவலாக இருக்கும். மற்றொரு நாள் இணையத்தில் தொடராக வந்து பின்னர் அச்சேறிய புதிய எழுத்தாளர் ஒருவரின் காதல் நாவலாக இருக்கும். இப்புதிய நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ எனப்படும் நாயகன், அதாவது பெரும் பணமும் அதனினும் பெரிய கோபமும் உடையவன், நாயகியை ஒப்பந்தத்தின் பேரில் மணந்து, நாற்பதாம் அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்பான். இவையெல்லாம் தம் மனைவிக்காக இரவல் வாங்கப்படுபவை என்பது சபை வாசகரின் விளக்கம். அவர் மனைவியோ ராஜேஷ்குமாரைத் தவிர வேறெதையும் தொடாதவர்; அதுவும் முதல் பக்கத்திலிருந்து முறையாகப் படித்து, கணவரின் பென்சில் வட்டங்களைத் திட்டிக்கொண்டே அழிப்பவர்.

சபை வாசகருள் ஒளிந்திருக்கும் உண்மையான விமர்சகர் விழிப்பது இந்த மெல்லிய நூல்களிடத்தில்தான். இவற்றில் ‘அருமை’ என்னும் சொல் ஓரிடத்திலும் இராது. மன்னிப்புக் காட்சியின் ஓரத்தில் ‘இவ்வளவு விரைவில் மன்னித்தால் எப்படி?’ என்றும், மாமியார் திருந்தும் இடத்தில் ‘நம்பும்படியில்லை’ என்றும், நாயகி வேலையை விடும் இடத்தில் இருமுறை கோடிட்டு ‘ஏன்?’ என்றும் எழுதப்பட்டிருக்கும். முதல் பக்கம் முதல் ‘சுபம்’ வரை ஒரு பக்கமும் தப்பாத இக்குறிப்புகளின் கூர்மையில் பாதி அவருடைய நூலாய்வு உரைகளில் இருந்திருந்தால், அவைத்தலைவர்கள் சீட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இந்நூல்களை அவருக்கு இரவல் கொடுப்பவர், வீட்டுக் கார் போர்ச்சில் மூன்று அலமாரி வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் புத்தகம் வழங்கிவரும், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். அவர் அறை வாசகர். எதையும் முழுதாகப் படிப்பவர், படித்ததைப் பற்றி வாய் திறக்காதவர், திரும்பி வரும் நூல்களின் பென்சில் எழுத்தை ஆண்டுக்கணக்காக அறிந்தவர். ஒரு மாலைப்பொழுதில் அலமாரியைத் துடைத்துக்கொண்டே, “வீட்டுல அம்மாகிட்ட சொல்லுங்க ஐயா, போன தடவ கொண்டுபோன கதையில பத்தொன்பதாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணோட சேல மாறிப்போச்சு. பொண்ணு பாக்க வந்தப்போ மஞ்சள்னு எழுதிட்டு, பின்னால அதே சேலய பச்சைங்கறாங்க” என்பார்.

“பத்தொன்பதுல இல்ல டீச்சர், பதிமூனுலேயே பச்சையாயிடுச்சு” என்று சபை வாசகர் திருத்துவார்.

தாம் சொன்னது என்ன என்பது அவர் செவிக்கு எட்டி, வாசலில் இருந்த காகிதப்பூச் செடியைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவதற்குள், ஆசிரியை அடுத்த பாகத்தை நாள்காட்டித் தாளில் உறையிட்டு, அதன்மேல் சீவிய பென்சில் ஒன்றையும் வைத்து நீட்டியிருப்பார்.