ஓஸ் மந்திரவாதியும் அடையாறு அலமாரியும்

அமெரிக்கக் குழந்தைகள் நாவல் ஒன்றின் கிளைமாக்ஸ், புத்தகம் வருவதற்கு 16 வருஷம் முன்பே மெட்ராஸில் நடந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு நம்பாமல் இருங்கள்.

நாவல், 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்'. 1900ல் வெளிவந்தது. எழுதியவர் எல். ஃபிராங்க் பாம். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கம்: ஒரு சூறாவளி, டோரத்தி என்ற சிறுமியை வீட்டோடும் டோட்டோ என்ற நாயோடும் தூக்கிப்போய் ஓஸ் நாட்டில் போடுகிறது. ஊர் திரும்ப மரகத நகரத்து மகா மந்திரவாதியிடம்தான் முறையிட வேண்டுமாம். மூளை கேட்டு ஒரு சோளக்கொல்லை பொம்மை, இதயம் கேட்டு ஒரு தகர மனிதன், தைரியம் கேட்டு ஒரு கோழைச் சிங்கம் என்று ஆளுக்கொரு மனுவோடு கூடவே கிளம்புகிறார்கள்.

மந்திரவாதி சாமானியப்பட்டவரா? ஒருவருக்குப் பிரம்மாண்டமான தலையாகத் தரிசனம் தருகிறார், இன்னொருவருக்கு நெருப்புப் பந்தாக. எல்லாம் டோட்டோ மிரண்டு துள்ளும் வரைதான். அது இடித்ததில் மூலையிலிருந்த தடுப்பு சரிகிறது. பின்னால் திருதிருவென்று நிற்பவர், ஒமாஹா ஊரில் பலூன் ஏறிப் பிழைத்த வழுக்கைத் தலைக் கிழவர்!

சரி, இப்போது அடையாறுக்கு வாருங்கள். 1882 டிசம்பரில் பிரம்ம ஞான சபை ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் குடியேறியது. ஸ்தாபகர்களில் ஒருவரான மேடம் பிளாவட்ஸ்கியின் படுக்கையறையை ஒட்டி ஒரு பூஜை அறை மாதிரி. அதன் சுவரில் ஒரு மர அலமாரி. கடிதத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், எங்கோ இருக்கும் 'மகாத்மாக்கள்' என்ற குருமார்களிடமிருந்து பதில் வந்திருக்கும். ஸ்டாம்ப் கிடையாது, போஸ்ட்மேன் கிடையாது, தீபாவளி இனாம் கேட்டு யாரும் தலையைச் சொறிவதும் கிடையாது.

1883 ஆகஸ்டில் மோர்கன் என்ற ரிடயர்ட் ஜெனரல் பார்க்க வந்தார். வீட்டை நிர்வகித்த எமா கூலோம் அம்மாள் கதவைத் திறந்ததும் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கி உள்ளே வைத்து மூடித் திறந்தால் முழுத் தட்டு! மகாத்மாவின் கடிதம் வேறு. ஜெனரல் உருகிப்போனார். அந்தத் தட்டைக் கடையில் ஜோடியாக வாங்கினோம் என்று கூலோம் அம்மாள் சொன்னது பிற்பாடு. தளபதி, போர்க்களத்தில் எதையெல்லாம் நம்பினாரோ!

அந்த அம்மாளின் புருஷன் அந்த வீட்டுத் தச்சர். வேலைக்காரரைப் பகைத்துக்கொள்ளலாம், நம் அலமாரிக்குத் தச்சு வேலை பார்த்தவரைப் பகைத்துக்கொள்ளலாமா? 1884ல் மேடம் ஐரோப்பா போயிருந்த நேரத்தில் தம்பதியைச் சபையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அவர்கள் நேராக, மேடம் எழுதியவை என்று, அலமாரித் தந்திரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கட்டுக் கடிதத்தோடு ஒரு பத்திரிகையின் படியேறினார்கள். செப்டம்பர் இதழில் அத்தனையும் அச்சாகிவிட்டது.

எந்தப் பத்திரிகை என்கிறீர்கள்? 'கிறிஸ்டியன் காலேஜ் மேகஸின்'. ஆமாம் சார், நம்ம தாம்பரம் எம்.சி.சி.யேதான்! அப்போது ஜார்ஜ் டவுன் பக்கம் எஸ்பிளனேடில் இருந்தது; தாம்பரத்துக்கு வந்தது 1937ல். காலேஜ் பத்திரிகை என்றால் பிரின்சிபால் போட்டோ, ஸ்போர்ட்ஸ் டே ரிப்போர்ட், பக்கத்தை நிரப்ப ஒரு காதல் கவிதை என்றுதானே பார்த்திருக்கிறோம்? இவர்கள் லண்டன் வரைக்கும் ஆட்டம் காணவைத்தார்கள். ஓஸ் கதையில் டோட்டோ தெரியாத்தனமாகத் தள்ளியது. இங்கே புரூஃப் பார்த்து, பைண்டு பண்ணித் தள்ளினார்கள்.

லண்டன் ஆவி ஆராய்ச்சிச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை விசாரிக்க அனுப்பியது. அவர் அறிக்கையில் ஒரு காட்சி: ஒரு விசுவாசி, அலமாரியின் பின்பலகை எவ்வளவு கெட்டி பாருங்கள் என்று ஓங்கித் தட்டுகிறார். பலகை சடக்கென்று மேலே ஏறிக்கொள்கிறது. சபையார் சிலர் அலமாரியை எரித்தே விட்டார்கள். 1885 மார்ச்சில் மேடம் ஊரைவிட்டே கிளம்பினார். மானமும் மேடமும் ஒரே சீசனில் கப்பலேறின.

மேடம் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்துத் தச்சர் செய்த சதி என்பது சபையின் கட்சி. 1986ல் அதே ஆராய்ச்சிச் சங்கத்தின் இதழிலேயே வெர்னன் ஹாரிசன் என்பவர் ஹாட்ஜ்சன் அறிக்கையைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நூறு வருஷம் கழித்து அப்பீல்! நம்மூர் பாகப்பிரிவினை வழக்குகள் பரவாயில்லை.

இதற்கும் ஃபிராங்க் பாமுக்கும் என்ன சம்பந்தம்? மேடம் கப்பலேறிய அதே 1885ல், எல்லோரும் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அமெரிக்கப் பெண்மணி அதில் சேர்ந்தார். பெண் வாக்குரிமைப் போராளி மெட்டில்டா கேஜ். பாமின் மாமியார்!

மாப்பிள்ளையின் பயோடேட்டாவைப் பார்த்தால் எந்த மாமியாருக்கும் ஆன்மிக நாட்டம் வரும். நாடகக் கம்பெனி நடத்தினார். வண்டி அச்சுக்குப் போடும் மசகு எண்ணெய் விற்றார். டகோட்டாவில் கடை வைத்தார், மூடினார். முதல் புத்தகம் கோழி வளர்ப்பு பற்றியது. அப்புறம் கடை ஷோகேஸை எப்படி அலங்கரிப்பது என்று ஒரு பத்திரிகையே நடத்தினார். உள்ளே சரக்கு என்ன என்பதைவிட வெளியே எப்படித் தெரிகிறது என்பதில் எக்ஸ்பர்ட். ஓஸ் மந்திரவாதியை எழுத இதைவிடத் தகுதி வேறென்ன?

1892 செப்டம்பர் 4ஆம் தேதி இவரும் மனைவியும் சிகாகோவில் பிரம்ம ஞான சபையில் சேர்ந்தார்கள். அந்தக் கிளையின் பெயரைக் கேளுங்கள்: 'ராமாயணா'!

அப்போ அந்த மந்திரவாதி பிளாவட்ஸ்கிதானா என்று சீட்டு நுனிக்கு வராதீர்கள். பாம் அப்படி எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஆசிரியர் எழுதாததைத்தானே பெரியவர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்?

1964ல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர், இது பொருளாதாரக் கதை என்றார். மஞ்சள் கல் பாதை தங்கம், டோரத்தியின் வெள்ளிச் செருப்பு வெள்ளி நாணயக் கோரிக்கை, சோளக்கொல்லை பொம்மை விவசாயி, தகர மனிதன் தொழிலாளி, கோழைச் சிங்கம், வெள்ளிக்காகக் குரல் கொடுத்த அரசியல்வாதி பிரையன். விஷயம் எகனாமிக்ஸ் பாடப்புத்தகம் வரை ஏறிவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: 1896 தேர்தலில் பாம் கவிதை எழுதியது, தங்கத்தை ஆதரித்த எதிர்க்கட்சி மெக்கின்லிக்கு. பாம் வெள்ளிக் கட்சி என்பதற்கு ஆதாரமில்லை என்று 1992ல் லிட்டில்ஃபீல்டே எழுதிவிட்டார். பாடப்புத்தகம்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

1986ல் பிரம்ம ஞான சபைக்காரர் ஜான் ஆல்ஜியோ, இது ஆன்மப் பயணம் என்றார். அதே வருஷம் டென்னசியில் சில பெற்றோர், சூனியக்காரியில் நல்லவள் எப்படி இருக்க முடியும் என்று கோர்ட்டில் நின்றார்கள். அதற்கு முன்பு 1957லேயே டெட்ராய்ட் பொது நூலக டைரக்டர், ஓஸ் புத்தகங்களால் குழந்தைகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கையை விரித்துவிட்டார். ஒரு வீட்டில் முக்தி, ஒரு வீட்டில் பாவம், லைப்ரரியில் வேஸ்ட்.

தியரிதானே? தாம்பரத்திலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் மேடவாக்கம் வருவதற்குள் நானும் ஒன்று கட்டித் தருகிறேன். ஆகாயத்தில் பறக்கும் வீடு: புஷ்பக விமானம். நாயகியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கோட்டையில் சிறைவைக்கிறார்கள்: அசோகவனம். மூளை, இதயம், தைரியம் என மூன்று தோழர்கள்: சுக்ரீவன், விபீஷணன், ஜாம்பவான், வசதிப்படி. எல்லாவற்றுக்கும் மேலே, கதையில் பறக்கும் குரங்குப் படையே இருக்கிறது சார்! எழுதியவர் 'ராமாயணா' கிளை மெம்பர்! எம்.ஃபில்.லுக்குத் தாராளம். கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனதே அந்தக் குரங்குகள்தான் என்பதை வைவாவில் யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

பாம் இதையெல்லாம் எதிர்பார்த்திருப்பார் போல. நாவலில் மரகத நகரத்துக்குள் நுழையும் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டு போடுகிறார்கள். சாவி வாசல் காவல்காரரிடம். ஊர் அதனால்தான் அவ்வளவு பச்சை. ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. கண்ணாடியை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பாமுக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் முக்தியும் இல்லை, தங்கமும் இல்லை; அடுத்த புத்தகம் எங்கே என்ற ஒரே கேள்விதான். ஆயிரம் சிறுமிகள் ஆயிரம் கடிதம் எழுதினால் பார்க்கலாம் என்று பாம் வாயை விட்டார். எழுதிவிட்டார்கள்! 1904ல் இரண்டாவது ஓஸ் வந்தது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து. மனிதருக்கு வேறு கதைகள் எழுத ஆசை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 1910ல், ஆறாவது புத்தகத்தில், ஓஸ் நாட்டையே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, இனி அங்கிருந்து தகவலே வராது என்று கதவைச் சாத்தினார்.

மறுவருஷம் திவால். முன்பு நடத்திய மேடை-சினிமா கலப்பு ஷோ தின்ற பணம் அப்படி. வேறு கதைகளும் சரியாகப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை யோசனை சொன்னது: தகவல்தானே வரவில்லை, வயர்லெஸ் தந்தி வைத்துக் கேட்டால் என்ன? 1913ல் ஏழாவது ஓஸ் முன்னுரையில், வயர்லெஸ்ஸில் தொடர்பு கிடைத்துவிட்டது என்று பாம் சீரியஸாக அறிவித்தார். அந்த வயர்லெஸ்ஸில் கடன்காரர்களின் குரலும் கொஞ்சம் கேட்டிருக்கும்.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஓஸ். 1919ல் பாம் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் எழுதிவைத்தது ஒன்று அடுத்த ஆண்டு வந்தது. அதற்கடுத்த ஆண்டே பதிப்பாளர் ரூத் பிளம்லி தாம்சன் என்ற பெண்மணியைப் பிடித்துப்போட்டு, மேற்கொண்டு 19 புத்தகம் எழுதவைத்தார். ஆசிரியர் காலமாகிவிட்டார் என்பதெல்லாம் பிள்ளைகளிடம் எடுபடுகிற சாக்கா என்ன?