கிரெடிட் கணக்கும் கும்மிடிப்பூண்டி வண்டியும்

கல்வியில் ‘கிரெடிட்’ எனப்படுவது, ஒரு மாணவர் ஒரு பாடத்தில் இவ்வளவு நேரம் செலவிட்டு, முடிவில் தேறியும் விட்டார் என்பதற்காகக் கல்வி நிறுவனம் அவர் பெயரில் எழுதி வைக்கும் அலகாகும். இந்த அலகு மாணவரின் அறிவை அளப்பதற்காகத் தோன்றவில்லை, பேராசிரியரின் பென்ஷனுக்காகத் தோன்றியது என்பது கல்வி வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்க, அந்தப் பணத்துக்கு உரிய கல்லூரி எது என்ற கேள்வி எழ, பள்ளியில் ஒரு பாடத்தை 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு என்றும், அப்படி 14 அலகுகள் உள்ளவரைச் சேர்த்துக்கொள்வதே கல்லூரி என்றும் அவருடைய அறக்கட்டளை வரையறுத்தது. எஃகுப் பணத்தில் பிறந்த இந்த மணிக்கணக்கு, நூறாண்டு கடந்து, எஃகு உருட்டாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்போன் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

மணிக்கணக்கை எதிர்த்து எழுந்ததே திறன் அடிப்படைக் கல்வி. பழைய முறையில் காலம் நிலையானது, கற்பது கூடலாம் குறையலாம். ஆண்டு முடிந்ததும் 95 வாங்கியவரும் 35 வாங்கியவரும் ஒரே வாசல் வழியாக வெளியேறுவர். புதிய முறையிலோ கற்க வேண்டியது நிலையானது, மூன்று வாரத்தில் கற்றாலும் மூன்று பருவத்தில் கற்றாலும் யாரும் கேட்பதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்தவர் 5 ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாகத் தேறிக்கொள்ளலாம் என்பது இந்த மரபைச் சேர்ந்ததே. ஆயினும் அரியர் என்று கேட்ட மாத்திரத்தில் வீட்டில் பேச்சு நின்றுபோகும் ஊர்களில் இதை எளிதில் நம்பவைக்க முடிவதில்லை.

உருட்டாலையின் உலைக்கு முன் நிற்கும் மூத்த தொழிலாளி, திறன் அடிப்படைக் கல்வியின் முழுமையான எடுத்துக்காட்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்து வெளிவரும் பில்லட் என்னும் எஃகுக் கட்டையின் நிறத்தைப் பார்த்தே, இது உருளைக்குப் போகலாம், இது இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று அவர் சொல்லிவிடுவார். கருவி பிறகு வந்து ஒப்புக்கொள்ளும். இத்தகையோருக்காகவே, முன்பே கற்றதை அங்கீகரித்தல் என்னும் ஏற்பாட்டை அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. தேர்வு வைத்து, கைத்திறனைப் பார்த்து, சான்றிதழ் வழங்குவது அதன் வேலை. ஆனால் சான்றிதழுக்கு முன் அவரையும் சில மணி நேர அறிமுக வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். இருபது ஆண்டு உலையருகே நின்றவர், உலையருகே எப்படி நிற்பது என்ற படத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார். முன்வாசலில் விரட்டப்பட்ட மணிக்கணக்கு கொல்லைப்புறமாக நுழைவதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு இதை மறைக்கவும் முயலவில்லை: 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். வகுப்பு, ஆய்வகம், விளையாட்டு, தொழிற்பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். ஈட்டியவற்றைச் சேர்த்து வைக்க 2021 முதல் கல்வி கிரெடிட் வங்கியும் உண்டு. அங்கே வட்டி கிடையாது, 7 ஆண்டுக் கெடு மட்டும் உண்டு. விரிவுரையை இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு அரைக் கிரெடிட் தானா என்ற நியாயமான கேள்வியைக் கட்டமைப்பு எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் தமிழ்நாட்டின் பொறியியல் பட்டங்களில் பாதி ஆட்டம் கண்டிருக்கும்.

இனி, டிப்ளமோ முடித்து ஆலையில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்கும் ஓர் இளைஞரைக் கருதலாம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையப் பாடங்கள் அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தில் படித்துக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் இடமளித்தது. பன்னிரண்டு வாரப் பாடம் 3 கிரெடிட். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். அசைன்மென்ட் விடைகள் வாட்ஸ்அப் குழுவில் குறித்த நாள் இரவு 11.59-க்குச் சற்று முன்பு விளைந்துவிடுவதால் 25-க்கு 24 வாங்குவோர் ஏராளம், தேர்வில் 29-ல் நிற்போரும் அவர்களே. இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனியே விதித்தவர் மனித இயல்பை நன்கு அறிந்தவர்.

நம் இளைஞர் பாடம் கேட்பது பெரும்பாலும் புறநகர் வண்டியில். விரைவு வண்டிக்கு வழிவிட்டு இவருடைய வண்டி கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ நிற்கும் நேரமெல்லாம் வெப்ப இயக்கவியலுக்கு வரவு. வண்டி நேரத்துக்கு ஓடும் நாளில் பாடம் பாதியில் நின்றுவிடும்.

அசைன்மென்ட் விதியில் ஒரு வியப்பு உண்டு. பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டை மட்டுமே கணக்கில் கொள்வது விதி. ஷிப்ட் வாரந்தோறும் மாறும் ஆலையில் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவு ஷிப்ட். பன்னிரண்டு வாரத்தில் அது நான்கு வாரம். அந்த நான்கையும் தூங்கிக் கழித்தாலும் மீதம் சரியாக எட்டு. விதியை எழுதியவர்கள் சிப்காட் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. தேர்வுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து, சனி இரவு ஷிப்டும் சேர்ந்துகொண்டால், கூட வேலை செய்யும் அண்ணனிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டுதான் ஹால் டிக்கெட்டோடு கிளம்ப முடியும். அண்ணன் விட்டுக்கொடுத்த அந்த எட்டு மணி நேரம் எந்தக் கிரெடிட் வங்கியிலும் ஏறாது. தீபாவளிக்கு முந்தைய இரவு ஷிப்டை அவருக்காக இவர் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று டீக்கடையிலேயே பேசி முடிவாகியிருக்கும்.