பூட்டிய வீட்டிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று, திண்டுக்கல் பூட்டு ஒன்று வைத்திருக்கும் வரிதாரர்.

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், எங்கள் நகராட்சி.

பொருள்: எங்கள் வீட்டுப் பேயார் குப்பையைத் தரம் பிரித்து வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: எங்கள் கதவில் தங்கள் அலுவலகம் ஒட்டிய ஸ்டிக்கர்.

ஐயா,

மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மதுரையில் மைத்துனர் வீட்டில் 19 நாள் தங்கிவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பினோம். வாசலில் சருகு குவிந்து கிடந்தது. பூட்டில் சிலந்தி வலை பின்னியிருந்தது. வலைக்கு ஒரு சாண் மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'குப்பையை நாள்தோறும் தரம் பிரித்து வழங்கும் முன்மாதிரி இல்லம்.' எதிர்வீட்டுக்காரர் மழையோ வெயிலோ, காலையில் இரண்டு வாளியோடு வாசலில் நிற்கிற மனிதர். அவர் கதவில் ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை இக்கடிதத்துடன் இணைக்க வழி தெரியவில்லை.

மறுநாள் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். சுகாதாரப் பிரிவில் இருந்த தம்பி பொறுமையாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். 19 நாளும் எங்கள் கதவிலிருக்கும் கியூஆர் கோடு ஸ்கேன் ஆகியிருக்கிறது. தினமும் மக்கும் குப்பை 600 கிராம், மக்காத குப்பை 300 கிராம். ஒரு நாள்கூட ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"வீடு பூட்டியில்ல தம்பி இருந்துச்சு?"

"சிஸ்டத்துல வந்திருச்சே சார். வீட்ல யாராச்சும் இருந்திருப்பாங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க."

பிறப்புச் சான்றிதழுக்காக எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பெரியவருக்கு மறதி" என்றார். பேசாமல் வீட்டுக்கு வந்து, அந்தத் தம்பி சொன்னபடியே நல்லா யோசித்துப் பார்த்தேன்.

பேய்தான். வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை.

பேய் என்றால் புளியமரம், தலைவிரி கோலம், நள்ளிரவுக் கொலுசு என்று இத்தனை காலம் தப்பாக நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பேயார் காலை எட்டு மணிக்குள் வாழைப்பழத்தோலைப் பச்சையிலும் ஷாம்பு பாக்கெட்டை நீலத்திலும் போட்டு, பூட்டைத் திறக்காமலே வெளியே வந்து, கிராம் பிசகாமல் ஒப்படைத்திருக்கிறார். உயிரோடிருக்கும் நாங்கள் இருவரும் கல்யாணமான நாளாக எதையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

900 கிராம் என்ற எண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கும் தம்பிதான் விளக்கம் சொன்னார்: "ஆளுக்கு 300 கிராம் சார். உங்க வீட்டுக்கு மூணு பேர்னு இருக்கு." நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது என் அம்மா. 2014இல் காலமாகிவிட்டார். இதில் தங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்த நாட்டில் எந்த ஊரின் குப்பைக் கணக்குக்கும் அடியில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தலைகளை இத்தனை கிராமால் பெருக்கினால் 'உருவாகும் குப்பை'. லாரி போன நடையை லாரியின் கொள்ளளவால் பெருக்கினால் 'சேகரித்த குப்பை'. பெருக்குவது தூய்மைப் பணியாளர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். கணக்குப் பிரிவில் அவர்களைவிட நன்றாகப் பெருக்குகிறார்கள்.

இனி, குப்பைக் கிடங்குக்குப் போகாமல் காப்பாற்றப்பட்ட குப்பை. நுண் உர மையத்தின் வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. உள்ளே எத்தனை டன் போனது என்று அதில் எழுதுகிறார்கள். எழுதிய கணமே அத்தனையும் உரம். உள்ளே போனதில் பாதி பாலித்தீனும் டயாபருமாக இருந்து, அன்று சாயங்காலமே பின்வாசல் வழியாகக் கிடங்குக்குப் போனால், அதை எழுத அந்த வாசலில் நோட்டு இல்லை. எடைமேடை இருக்கிறது, அதற்குக் கரண்ட் இல்லை. நான் பார்த்தபோது அதன்மேல் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பேயாரைப் போன்ற ஆயிரக்கணக்கான பேய்கள் தரும் குப்பை மட்டும் எந்த வாசலுக்கும் போகாமல் நேராகத் தங்கள் அறிக்கையின் சதவிகிதத்துக்குப் போய்விடுகிறது.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்த பாதை அருமையானது. நகராட்சி தன் ஆண்டறிக்கையைப் படிவம் நான்கில் ஜூன் 30க்குள் மேலே அனுப்ப வேண்டியிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதையெல்லாம் திரட்டி ஜூலை 31க்குள் டெல்லிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆக எங்கள் வீட்டுப் பேயார் வருடத்துக்கு ஒருமுறை டெல்லி போய் வந்திருக்கிறார். நான் ஆக்ராவைத் தாண்டியதில்லை.

அதே விதிகளில், கிலோவுக்கு 1500 கிலோகலோரியோ அதற்கு மேலோ எரிதிறன் கொண்ட, மறுசுழற்சிக்கு உதவாத குப்பையைக் கிடங்கில் கொட்டக்கூடாது என்றும் இருந்தது. நம் ஊர்க் கிடங்கில் அதை அளந்து பார்க்கக் கருவி எதற்கு? சித்திரை வெயிலில் அது தானே பற்றி எரிந்து நிரூபித்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பத்து நாளுக்கு மேல் புகைந்தது. எரிந்துபோன குப்பையும் கிடங்கில் இல்லாத குப்பைதானே? கிடங்கை ஒட்டிய காலனிப் பிள்ளைகளின் நெஞ்சுக்கூட்டுக்கு அதைத் திருப்பிவிட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பத்தி படிவத்தில் இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம், "ஏம்மா பூட்டுன கதவை ஸ்கேன் பண்ணே?" என்று கேட்டேன். "பத்து மணிக்குள்ள எல்லாக் கதவும் அடிக்கணும் அய்யா, இல்லைன்னா அரைநாள் சம்பளம் பிடிப்பாங்க" என்றார். சொல்லும்போது உறையில்லாத கையால் யார் வீட்டிலிருந்தோ வந்த ஊசியையும் நாப்கினையும் எச்சில் சோற்றிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தொட்டியில் கொடுத்ததையும் ஒரே வண்டியில்தான் கொட்டினார். அவரிடம் இருப்பது ஒரு வண்டிதான், அதற்கு நடுவில் தடுப்பு கிடையாது. தடுப்பு வைக்க ஆகும் பலகைக்குக் காசில்லை, ஸ்டிக்கர் அடிக்கக் காசிருக்கிறது. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். பேயார் காதருகே வந்து நிதானத்தை நினைவூட்டுகிறார்.

பாராட்ட வந்த இடத்தில் ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில் ஒரு தராசு தொங்குகிறது. பழைய பேப்பரில் நூறு கிராம் தவறினாலும் அங்கே சண்டை வரும், ஏனென்றால் இரண்டு பக்கமும் காசு போகிறது. இந்த ஊரில் உண்மையாக நிறுக்கப்படும் குப்பை அது ஒன்றுதான். பாட்டில், அட்டை, தகரம் என்று கிடங்குக்குப் போகாமல் அவர் மறிக்கிற டன்கள் எதுவும் தங்கள் அறிக்கையில் இல்லை. எடை போட்டதெல்லாம் கணக்கில் இல்லை, கணக்கில் உள்ளதெல்லாம் எடை போடவில்லை. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், அண்ணாச்சியைத் தங்கள் எடைமேடையில் உட்கார்த்திப் பாருங்கள். முதலில் மிளகாயை எடுக்கச் சொல்வார்.

அந்த மூன்றாவது 300 கிராம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேயார் என் அம்மாவாக இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறாள். இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அம்மா காய்கறித் தோலைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடுவார். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, சேர்ந்ததும் எடைக்குப் போட்டுக் கறிவேப்பிலை வாங்குவார். கிழிந்த சேலை கரித்துணியாகி, நூலாகி, விளக்குத் திரியாகித்தான் முடியும். அவர் தினம் 300 கிராம் குப்பை போட்டதாக எழுதி டெல்லிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உயிரோடிருந்தால் வாரியலோடு தங்கள் அலுவலகத்துக்கே வந்திருப்பார்.

வருகிற வெள்ளிக்கிழமை தையல் பிரிக்க மீண்டும் மதுரை போகிறோம். நான்கு நாள் ஆகும். பேயாருக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுப் போகிறோம். ஸ்டிக்கரை மட்டும் எதிர்வீட்டுக் கதவுக்கு மாற்றிவிட உத்தரவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நானே உரித்துப் பார்த்தேன், வரவில்லை. நகராட்சி வேலையில் இவ்வளவு உறுதியான ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி மூன்று பேரில் ஒருவன்.

இணைப்பு: 1. பூட்டின் புகைப்படம், சிலந்தி வலையுடன். 2. அம்மாவின் இறப்புச் சான்றிதழ் நகல் (வழங்கியது: தங்கள் அலுவலகம்).