வண்டிக்கு ரீஃபண்ட், டிரைவருக்கு கேட்பாஸ்

விசாகப்பட்டினம் உருக்காலைக்குள் ஒரு யார்டு இருக்கிறது. வெளியே போக வேண்டிய இரும்பை அடுக்கி, நகர்த்தி, ஏற்றி அனுப்பும் இடம். 2020இல் அந்த வேலையை ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தில் எடுத்தது. அதன் 36 வண்டிகள் ஆலைச் சுவருக்குள்ளேயே ஓடின. பொதுச் சாலையை மிதிக்காத வண்டிக்கு எதற்கு வரி என்று நிறுவனம் வழக்குப் போட்டது. ஆந்திர உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி சரி என்றார். இரு நீதிபதிகள் அமர்வு இல்லை என்றது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வண்டிகளின் பக்கம் நின்றது. கட்டிய 22 லட்சத்து 71 ஆயிரத்துச் சொச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றாகிவிட்டது. தீர்ப்பின் மேல் எனக்குக் குறையில்லை. சாலையைத் தொடாதவரிடம் சாலைக் காசு கேட்பது வழிப்பறி.

அதே இரும்பு, இன்னொரு ஊர். கொல்கத்தாவில் செயில் நிறுவனத்தின் யார்டுகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று 1989இல் மேற்கு வங்க அரசு தடை போட்டது. அங்கே இரும்போடு மல்லுக்கட்டியவர்கள், அப்படியானால் எங்களை நீங்களே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன பதில்: தடை வந்தாலும் தொழிலாளர்கள் தாமாகக் கம்பெனி ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள். 1996இல் ஆவார்கள் என்று சொன்ன தீர்ப்பும் அத்தோடு போயிற்று. ஒப்பந்தமே நாடகம் என்று நிரூபித்தால் வழி உண்டாம். நிரூபிக்க வேண்டியவர் கூலிக்காரர். ஆவணங்கள் இருப்பது முதலாளியின் பீரோவில்.

இந்த வித்தை இரும்போடு நிற்கவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடோன் கட்டுகிறவர்களிடம் ஒப்பந்ததாரர்கள் வந்து ஆசை காட்டுகிறார்கள்: "நீங்கள் உங்கள் முக்கியத் தொழிலைக் கவனியுங்கள், யார்டை எங்களிடம் விட்டுவிடுங்கள்." லாரி வந்தால் இறக்கி, ஏற்றி, அனுப்புவதைத் தவிர குடோனுக்கு வேறென்ன முக்கியத் தொழில்? தியானமா?

யார்டுக்குள் டிரெய்லரை நகர்த்தி நிறுத்தும் ஷண்டிங் என்பது, நெடுஞ்சாலையில் இருபது வருஷம் ஓட்டியவருக்கும் சட்டென்று கைவராத வேலை. நாற்பது அடி டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் வால் இடப்பக்கம் போகும். ஒருபக்கக் கண்ணாடியில் எதுவுமே தெரியாது. டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கிங்பின் பூட்டிக்கொண்டதா என்று குனிந்து பார்க்க வேண்டும். காற்றுக் குழாயை மாட்ட வேண்டும். டிரெய்லரின் முன்கால்களைச் சுற்றித் தூக்க வேண்டும். ஏற்றி இறக்கும் மேடையான டாக்கின் ரப்பரில் அலுங்காமல் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே இருக்கும்போது வண்டியை எடுத்துவிட்டால், அடுத்து வெளியே வரும் ஃபோர்க்லிஃப்ட் ஆளோடு கீழே கவிழும். அதனால்தான் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்னால் நின்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டும். டெண்டரில் விலை குறையும்போது முதலில் காணாமல் போகிறவரும் அவர்தான்.

சரக்கு ஒரு பெரிய கம்பெனியுடையது. குடோனை நடத்துவது லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம். யார்டு மூன்றாமவர் கையில். டிரைவரை அனுப்பியது 'மேன்பவர்' ஏஜென்சி. சட்டையில் மின்னுவது முதலாமவர் லோகோ. சம்பளச் சீட்டு, கொடுத்தால், நாலாமவர் பெயரில். யாரப்பா இவர் முதலாளி என்று கேளுங்கள், நால்வரும் வானத்தைப் பார்ப்பார்கள். டாக்கில் ஒரு கீறல் விழட்டும், அந்த நிமிடமே அவர் நால்வருக்கும் சொந்தமாகிவிடுவார். அபராதம் நாலு படியும் தவறாமல் இறங்கி வந்து அவர் கூலியில் உட்கார்ந்துகொள்ளும். போனஸுக்கு மட்டும் முதல் படியிலேயே மூச்சு வாங்கும்.

உள்ளே ஒருவர் நசுங்கினால்? இது பொது இடமல்ல, எங்கள் காப்பீடு இங்கே செல்லாது என்று இன்ஷூரன்ஸ் வக்கீல் எழுந்து வாதாடுவது நம் நீதிமன்றங்களுக்குப் பழகிப்போன காட்சி. வண்டிக்கு வரியை மிச்சம் பிடித்துக் கொடுத்த அதே மதில்சுவர், அடிபட்டவர் குடும்பத்துக்கு முன்னால் வந்து குறுக்கே நிற்கிறது.

இதற்கெல்லாம் முடிவுகட்டப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறதே என்பீர்கள். 2020இல் எழுதி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. மையப்பணிக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று மார்தட்டுகிறது. அடுத்த மூச்சில் எதெல்லாம் மையப்பணி ஆகாது என்று ஒரு பட்டியல்: துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல், போக்குவரத்து... நிறுவனமே அந்த வேலைக்காக அமைந்திருந்தால் இந்த விலக்கு கிடையாதாம். கவலை வேண்டாம், எந்த குடோனும் தன்னை குடோன் என்று ஒப்புக்கொள்ளாது. 'சப்ளை செயின் தீர்வு மையம்' என்று போர்டு மாட்டிக்கொள்ளும். அதிலும் மாட்டிக்கொண்டால், அந்த வேலை வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் நடப்பதுதான் என்று காட்டினால் போதும், மையப்பணியையும் கொடுக்கலாம். திருடக் கூடாது, வழக்கமாகத் திருடுகிறவர் நீங்கலாக! போதாததற்கு, 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே எட்டிப் பார்த்த சட்டம் இனி 50 பேர் சேர்ந்தால்தான் கண்விழிக்கும்.

ஆனால் அந்தப் பட்டியலின் கடைசி வரிக்காக, எழுதியவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். விட்டுவிட்டு நடக்கும் எந்த வேலையையும், அது மையப்பணியாகவே இருந்தாலும், ஒப்பந்தத்துக்கு விடலாமாம். இயக்குநர் குழு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். இரவும் பகலும் மூன்று ஷிஃப்ட் ஓடும் யார்டை விட்டுத் தள்ளுங்கள். நான்கே நாள் நடக்கும் இந்த வேலைக்கு உடனே டெண்டர் கூப்பிடலாம். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே இயக்குநர் நாற்காலி. 11 மாத ஒப்பந்தம், ஒருநாள் இடைவெளி, மறுபடி புதிய அடையாள அட்டை. கூட்டத்துக்கு முன் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குப் படி கிடையாது. பங்கு விலை இறங்கினால் அன்றைய கூலியில் பிடித்தம். சாப்பாடு சொந்தச் செலவு. கழிவறைச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.