சிக்னல் பாத்து வண்டியை நிறுத்து, மாப்ள!

வாடகைக்கு ஆர்.வி. எடுத்துட்டியாமே மாப்ள? உங்கம்மா போன்ல சொன்னா. கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, கக்கூஸ் இருக்கு, குளிக்கவும் இடம் இருக்குன்னு அக்காவுக்குப் பெருமை தாங்கல. டென்வர்ல கிளம்பி, வயோமிங் வழியா எல்லோஸ்டோன் போயி, அப்படியே மொன்டானாவையும் ஒரு சுத்து சுத்தப் போறியாம். நல்லாப் போயிட்டு வா. லீவு போட்டிருக்கானான்னு கேட்டேன். "இல்லடா, லேப்டாப்பைக் கையோட கொண்டு போறான், வீட்டுலருந்தே வேலை பாக்கேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டான்"ங்கா. பொய்யின்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லப் போட்டுச் சொல்ல முடியாது. வீட்டையே சக்கரத்து மேல வச்சு ஓட்டிக்கிட்டுல்லா போற!

வயக்காட்டு ஆளு, இந்த மாமனுக்கு நெட்டைப் பத்தி என்ன தெரியும்னு நெனப்ப. ஆறு மாச விசாவுல மக வீட்டுக்கு வந்த இடத்துல, என்னையும் உங்க அத்தையையும் இதே மாதிரி ஒரு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. மருமகப்புள்ளைக்கும் உன் நெனப்புதான். காட்டுக்குள்ள இருக்கணும், ஒரு பய கூப்பிடக் கூடாது, ஆனா வீடியோ மீட்டிங் மட்டும் நடுவுல நிக்கக் கூடாது. அவரு ஓட்ட, நான் முன் சீட்டுல கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். சும்மா இருக்கவன் கண்ணுக்கு நாலு விஷயம் கூடத் தெரியும்டே.

மொதல்ல, கேம்ப்கிரவுண்ட் வாசல்ல தொங்குத போர்டை நம்பாத. 'வைஃபை இலவசம்'னு எழுதிருப்பான். இலவசம்னு எழுதினான், வேகமா வரும்னு எங்கயும் எழுதலயே! பல இடத்துல ஒத்தை இணைப்பை வாங்கி, அத்தனை வண்டிக்கும் பிரிச்சு விடுதான். நம்ம கால்வாய்க் கதைதான். தலைமடைக்காரன் மடையைத் தொறந்து வச்சுக்கிட்டு வெத்திலை போடுவான், கடைமடைக்காரன் மானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். அதனால இடம் பதியும்போது ஆத்தைப் பாத்த இடம், மலையைப் பாத்த இடம்னு கேக்காத. ஆபீஸ் ரூமுக்குப் பக்கத்துல, ஆன்டெனா கண்ணுல படுத மாதிரி ஒரு இடம் கேளு. குப்பைத்தொட்டி பக்கத்துலதான் கிடைக்கும். கிடைச்சாப் போதும்னு வாங்கிக்கோ. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அத்தனை பேரும் படம் பாக்க உக்காந்துருவான். விடியக்காலம் நாலு மணிக்குப் பாரு, மொத்த வைஃபையும் உனக்குத்தான். பெரிய ஃபைல் ஏத்துத சோலியெல்லாம் அப்பமே முடிச்சுரலாம். நீ எந்திரிக்க மாட்ட. ஒன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப உங்கம்மா பட்ட பாடு தெருவுக்கே தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கேன்.

அந்த வைஃபைலயும் ரெண்டு வகை இருக்காம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், மெதுவா வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா வரும், தூரம் போகாது. தூரமா நிக்கிறவன் 2.4-ஐப் புடிப்பான், அங்கதான் வில்லங்கமே. ஒருநாள் மருமகப்புள்ளை மேலதிகாரிகிட்ட கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டிருக்காரு. உங்க அத்தை நேத்து சாம்பாரைச் சூடு பண்ண மைக்ரோவேவ் பட்டனை அமுக்கினா. அவ்வளவுதான், அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு மருமகப்புள்ளை வாயைத் தொறந்தபடியே நின்னுட்டாரு. மைக்ரோவேவும் அதே 2.4 பக்கத்துலதான் வேலை செய்யுமாம். கதவு இடுக்குல கசியுத கொஞ்சநஞ்சமே பக்கத்துல இருக்க வைஃபையைக் குழப்பிரும். டிங்குன்னு மணி அடிச்ச பொறவுதான் அவரு வாயை மூடினாரு. அத்தையை யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அந்த அளவு வண்டிக்குள்ள சண்டை போட்டுட்டு எங்க போயிப் படுக்க? நீ மட்டும் மீட்டிங் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தனித்தனியா வச்சுக்கோ.

"மாமா, போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கிடுவேன், அன்லிமிடெட் பிளான்"னு சொல்லுவ. சொல்லு, சொல்லு. அந்தப் பிளான்ல பொடி எழுத்துல இருக்கதை ஒருக்கப் படிச்சுட்டுச் சொல்லு. போனுக்குள்ள பாக்கதுக்கு அளவு கிடையாது. லேப்டாப்புக்கு எடுத்துக் குடுக்கதுக்குத் தனியா ஒரு அளவு வச்சிருப்பான். அது தீந்ததும் வேகத்தை அமுக்கிருவான், மெயில் தொறக்கதுக்குள்ள காப்பி ஆறிரும். அந்த அளவைத் தின்னுதது யாருன்னு பாத்தா, உன் ஆபீஸ் வேலை கொஞ்சந்தான். எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரைக்கும் முழுங்கும். நீ எடுக்குத போட்டோ பூராவும் உன்னைக் கேக்காம மேகத்துக்குப் போவும். விண்டோஸ் அப்டேட்டுக்கு நல்லநாள் பெரியநாள் கிடையாது. லேப்டாப்ல அந்த இணைப்பை 'மீட்டர்டு'ன்னு மாத்துததுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. அதைப் போட்டா பெரிய அப்டேட்டெல்லாம் பொறுமையா இருக்கும். மருமகப்புள்ளை மகளுக்கு இதைச் சொல்லிக் குடுத்தப்போ காதுல வாங்கிக்கிட்டேன்.

ஒரு கம்பெனி சிம்மை மட்டும் நம்பிக் காட்டுக்குள்ள போவாத. இவன் டவர் இல்லாத பள்ளத்துல அவன் டவர் இருக்கும். வேற கம்பெனியில ஒரு இ-சிம் போட்டு வச்சுக்கோ. கம்பெனிக்காரன் குடுக்குத மேப்ல அமெரிக்கா முழுக்க ஒரே கலரா அடிச்சிருப்பான். நீ நிக்கிற மலை இடுக்கு அதுல தெரியாது. பழைய ஹாட்ஸ்பாட் டப்பாவை மலிவா ஒருத்தன் விக்கான்னு வாங்கிராத. அங்க பெரிய கம்பெனிக மூணும் 2022-க்குள்ள 3ஜி-யை மூடிட்டாங்க. அந்த டப்பாவை வச்சுக் காகிதம் பறக்காமப் பாத்துக்கிடலாம்.

அடுத்தது பூஸ்டர். அதை விக்கிறவன் பேசுத பேச்சைக் கேட்டா பாலைவனத்துலயே டவர் முளைக்கும். விஷயம் இம்புட்டுத்தான். வெளிய கொஞ்சம் சிக்னல் இருந்தா அதைக் கூட்டி உள்ள விடும். வெளியயே இல்லைன்னா, பூஜ்யத்தை எத்தனையால பெருக்குனாலும் பூஜ்யந்தான். கூரை மேல இருக்க ஆன்டெனாவும் உள்ள இருக்க ஆன்டெனாவும் கிட்டக்கிட்ட இருந்தா, ஒண்ணு விடுததை இன்னொண்ணு புடிச்சு ரெண்டும் தங்களுக்குள்ளயே கத்திக்கிட்டுக் கிடக்கும். போன்ல கோட்டை எண்ணாத. உள்ள போயி டெசிபல் எண்ணைப் பாரு. மைனஸ் 85-ன்னா ராஜா, மைனஸ் 115-ன்னா பிச்சைக்காரன். ஏர்ஸ்ட்ரீம்னு 1930-கள்லருந்து பளபளன்னு அலுமினிய ஒடம்போட ஒரு வண்டி வருது. பாக்க லட்சணமா இருக்கும், தகரச்சுவரு சிக்னலைத் தடுக்கும். அதுக்குள்ள இருக்கவன் போனை வெளிய கொண்டுபோயி வச்சுத்தான் பாக்கணும்.

சாட்டிலைட்டு வழியா நெட்டு குடுக்குத ஸ்டார்லிங்க்தான் இப்பம் எல்லாரு வாயிலயும். அதுல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. பழைய சாட்டிலைட்டு 35,786 கிலோமீட்டர் ஒசரத்துல நின்னுச்சு. இங்க ஒரு வார்த்தை பேசி, அது மேல போயிக் கீழ வந்து, பதில் அதே வழியில திரும்புததுக்குள்ள அரை நொடி ஓடிரும். பேசுத ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, ஒரே நேரத்துல நிறுத்தி, "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க"ன்னு மரியாதை பண்ணிக்கிட்டே பொழுதைப் போக்குவாங்க. இது சில நூறு கிலோமீட்டர் ஒசரத்துலயே சுத்துது, அந்தத் தொல்லை இல்ல. 2022-ல ஆர்.வி.க்காரங்களுக்குன்னே தனிப் பிளான் விட்டான். 2024-ல வந்த மினி டிஷ் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட, பைக்குள்ளயே போட்டுக்கிடலாம்.

ஆனா அதுக்கு மானம் தொறந்து கிடக்கணும். மரம் மறைச்சா விட்டு விட்டு வரும். இப்பம் உன் பாட்டைப் பாரு. மரத்தடியில நிறுத்தினா நிழல் உண்டு, குளிர்ச்சி உண்டு, நெட்டு கிடையாது. வெட்டவெளியில நிறுத்தினா நெட்டு உண்டு, நீ வெந்துபோவ. பைன் மரக் காட்டுக்குள்ள இருக்கணும்னு ஆயிரம் மைல் வந்தவன், மரமே இல்லாத இடமா வேணும்னு கேட்டு அலையுதான்! அன்னைக்கு மருமகப்புள்ளை டிஷ்ஷைக் கையில ஏந்திக்கிட்டு, மானத்தைப் பாத்தபடி மரம் மரமா நடந்தாரு. எதுத்த வண்டி வெள்ளைக்காரம்மா, ஏதோ வேண்டுதல்னு நெனச்சு ஒதுங்கி வழி விட்டா.

அப்பொறம் கரண்டு. இதை யாரும் சொல்ல மாட்டான். பழைய ஈயபேட்டரி 100 ஆம்பியர்-மணின்னு எழுதிருந்தாலும், பாதிக்கு மேல உறிஞ்சினா அது ஆயுசு போயிரும். பன்னெண்டு வோல்ட்டுக்கு அந்தப் பாதி 600 வாட்-மணி. மினி டிஷ்ஷுக்கு ஒரு 30 வாட், லேப்டாப்புக்கு 50-ன்னு வை. ஏழு மணி நேரம் ஓடும், அதுவும் லைட்டு, ஃபேனு, தண்ணி மோட்டாரு ஒண்ணும் போடாம இருந்தா. இன்வெர்ட்டர் வழியா ஏசியாக்கி, திரும்ப சார்ஜர்ல டிசியாக்கினா நடுவுல கொஞ்சம் சூடாப் போயிரும். பன்னெண்டு வோல்ட்டுலருந்து நேரா ஏத்துத சார்ஜர் வாங்கு. ஜெனரேட்டர் போட்டுக்கிடலாம்னா, ராத்திரி பத்துக்கு மேல விடியக்காலம் ஆறு வரைக்கும் பல கேம்ப்கிரவுண்டுல மூச்சுக் காட்டக் கூடாது. உன் ஆபீஸ் இந்தியாவோட பேசுததோ அதே ராத்திரியில! அதுக்குத்தான் சொல்லுதேன், வேலை நாள்ல கரண்டு குத்துத இடமாப் பாத்து ஒதுங்கு. 1962-ல மொன்டானாவுல பில்லிங்ஸ்ல ஆத்தங்கரையில ஆரம்பிச்ச கே.ஓ.ஏ. கேம்ப்கிரவுண்டு இப்பம் எங்க பாத்தாலும் இருக்கு.

எல்லோஸ்டோனுக்கு வருவோம். 1872-லயே தேசியப் பூங்கா ஆனது. கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். அதுல முக்காவாசி எடத்துல போன் செத்துத்தான் கிடக்கும். ஓல்டு ஃபெய்த்ஃபுல்னு ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்க வெந்நீர் பீச்சுதே, அங்கன சிக்னல் உண்டு. உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணி பீச்சி முடிச்ச மறுநிமிஷம் கூட்டம் பூராவும் வீடியோ அனுப்பும். உங்க அத்தை அவ தங்கச்சிக்கு அனுப்பினது போய்ச் சேருததுக்குள்ள அது அடுத்த தரம் பீச்சிருச்சு. மேப்பை முன்னாடியே ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோ. மீட்டிங்னு ஒண்ணைப் பூங்காவுக்குள்ள வச்சுக்கிடாத. திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் கோடி, போஸ்மன்னு டவர் உள்ள ஊருல தங்கு, சனி ஞாயிறு காட்டுக்குள்ள போ. இந்த ஒண்ணைச் செஞ்சா நான் மேல சொன்ன டப்பாவுல பாதி வாங்க வேண்டாம். ஆனா நீ டப்பாவை வாங்கிட்டுத்தான் மறுவேலை பாப்ப, அதுவும் எனக்குத் தெரியும்.

சின்ன ஊருல பொது நூலகம் இருக்கும். போயி உக்காரு. மேசை, ஏசி, கரண்டு, வைஃபை எல்லாம் காசில்லாம. பல இடத்துல சிக்னல் கார் நிறுத்துத இடம் வரைக்கும் வரும். அங்க சத்தம் போட்டு மீட்டிங் பேசாத, நூலகத்து அம்மா கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தா போதும், நீயே எந்திரிச்சுப் போயிருவ. பொது வைஃபைல பேங்கு சோலி வச்சுக்கிடாத. இன்னொண்ணும் சொல்லுதேன். வீட்டுலதான் இருக்கேன்னு ஆபீஸ்ல சாதிச்சுக்கிட்டு இருக்கியே, நீ எந்தக் கம்பெனி இணைப்புல வாரன்னு ஐ.பி. முகவரியே அவங்களுக்குச் சொல்லிரும். பின்னாடி காட்டெருமை நிக்கிறதை வேற மறைக்கணும்.

இம்புட்டுக்கும் பதிலா ஒரு குறுக்குவழி இருக்கு. அடுத்த வருசம் கிழக்க போ. வெஸ்ட் வர்ஜீனியாவுல கிரீன் பேங்க்னு ஒரு ஊரு. 1958-லருந்து அதைச் சுத்தி 13,000 சதுர மைலுக்கு ரேடியோ அமைதி மண்டலம்னு சட்டம் போட்டு வச்சிருக்கான். நூறு மீட்டர் அகலத்துல ஒரு தொலைநோக்கி, மானத்துலருந்து வார முனகலைக் கேக்குது. அது பக்கத்துல செல்போன் ஆகாது, டிஜிட்டல் கேமரா ஆகாது, பெட்ரோல் வண்டி கூடக் கிட்ட வரக் கூடாது, ஸ்பார்க் பிளக்கு பொறி கூட அதுக்குத் தொந்தரவாம், டீசல் மட்டுந்தான். உன் வண்டி பெட்ரோல்தானே? தூரமா நிறுத்திட்டு நட. நெட்டு ஏன் வரலைன்னு எவனாவது கேட்டா, அமெரிக்கச் சட்டம்னு தைரியமாச் சொல்லு. லீவு லெட்டர்ல அந்த ஊரு பேரை மட்டும் தப்பில்லாம எழுது, அதிகாரி கூகுள்ல தேடிப் பாப்பான்.